ஒளிராத கணு: மார்பகப் புற்றுநோய் அறுவையில் ஒளிர்வுப் படமெடுப்பைக் கையாண்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் உள்ள ஒரு போதனை மருத்துவமனையில் இந்த நிகழ்வு நடந்தது. அங்கே நோயியல் துறையும், அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே திசுவை ஆராய்ந்து சொல்லும் உறைவெட்டுச் சோதனை வசதியும் உண்டு. அணுமருத்துவப் பிரிவு இல்லை. நோயாளியின் ஒப்புதலோடு இதை எழுதுகிறோம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ளத் தேவையானவற்றை மட்டும் தருகிறோம்.

அவர் ஐம்பது வயதைத் தாண்டிய கைத்தறி நெசவாளர். மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டுவந்தார். உடல் நிறைக் குறியீடு 31. இடது மார்பகத்தின் மேல்புறத்து வெளிப்பகுதியில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டு நான்கு மாதம் கழிந்த பிறகே, மகளின் வற்புறுத்தலால் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். வலி இல்லாததால் தள்ளிப்போட்டதாகச் சொன்னார். வலிக்காத கட்டியால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் இன்னும் எத்தனையோ பெண்களை வீட்டிலேயே இருத்திவைக்கிறது என்பதை இங்கே வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

மேமோகிராமில் 2.3 செ.மீ. அளவில் முள் முள்ளாக விளிம்பு நீண்ட கட்டி தெரிந்தது. மேமோகிராம் படங்களைப் புற்றுச் சந்தேகத்தின் அளவுப்படி பிரிக்கும் பைராட்ஸ் வகைப்பாட்டில் 5, அதாவது மிக வலுவான சந்தேகம். ட்ரூகட் ஊசியால் எடுத்த திசுவில் ஊடுருவும் புற்றுநோய், இரண்டாம் தரம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் நேர்மறை, ஹெர்2 எதிர்மறை என்று அறிக்கை வந்தது. அக்குளைக் கையால் சோதித்தபோது எதுவும் தட்டுப்படவில்லை. அல்ட்ராசவுண்டில் தெரிந்த நிணநீர்க் கணுக்களின் புறணி (வெளி அடுக்கு) மெலிதாகவும் நடுவிலுள்ள கொழுப்பு குலையாமலும் இருந்தன. ஆகவே கட்டி இரண்டாம் நிலை, கணுக்களில் பரவல் இல்லை என்ற மருத்துவக் கணிப்போடு பல்துறைக் குழுவுக்கு அவருடைய கோப்பு போனது.

முதல் திட்டம்

மார்பகத்தின் அளவோடு ஒப்பிடக் கட்டி சிறிதாக இருந்ததால், கட்டியையும் அதைச் சுற்றிய திசுவையும் மட்டும் அகற்றி மார்பகத்தைக் காப்பது, அக்குளில் காவல் நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதிப்பது என்று குழு முடிவு செய்தது. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் அக்குளில் முதலில் சென்று சேரும் ஒன்றிரண்டு கணுக்களையே காவல் கணுக்கள் என்கிறோம். அவற்றில் புற்று இல்லையென்றால் அக்குளின் மற்றக் கணுக்களிலும் பெரும்பாலும் இருக்காது. அக்குளை முழுவதும் வழித்தெடுக்கும் அறுவையையும், அதன் பின்னால் ஆயுள் முழுக்கத் தொடரக்கூடிய கைவீக்கத்தையும் தவிர்த்துவிடலாம். இந்தக் கணுக்களைக் கண்டுபிடிக்க 1993-ல் டேவிட் கிராக் குழுவினர் கதிரியக்கப் பொருளையும், 1994-ல் அர்மாண்டோ ஜூலியானோ குழுவினர் நீலச் சாயத்தையும் மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்தி வெளியிட்டார்கள். 2005-ல் ஜப்பானில் கிடாய் குழுவினர் இண்டோசயனின் கிரீன் என்னும் ஒளிர்சாயத்தை இதே வேலைக்குக் கொண்டுவந்தார்கள்.

காவல் கணுவுக்குப் போகும் பாதையைக் காட்டும் இத்தகைய பொருள்களைத் தடமறிப்பான்கள் என்கிறோம். இரண்டு தடமறிப்பான்களைச் சேர்த்துப் பயன்படுத்தினால் கணு தவறிப்போகும் வாய்ப்பு குறையும். கதிரியக்க முறைக்கு டெக்னீசியம்-99எம் வேண்டும். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம்தான் என்பதால் அதைத் தயாரிக்கும் வசதி அருகிலேயே இருக்க வேண்டும். உரிமம், தனி அறை, காமா உணர்கருவி என்று தேவைகள் நீளும். எங்களிடம் அது இல்லை. அதனால் எங்கள் பிரிவின் வழக்கம் மெத்திலீன் நீலமும் இண்டோசயனின் கிரீனும் சேர்ந்தது. நீலத்தைக் கண்ணால் பார்க்கலாம். பச்சையைக் கேமராவால் பார்க்கலாம். இரண்டும் வெவ்வேறு வழியில் தவறக்கூடியவை என்பதால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். இந்த நோயாளிக்கும் அதையே எழுதிவைத்தோம்.

அறுவைக்கு முந்தைய நாள் தெரியவந்தது

மயக்க மருந்து நிபுணர் முந்தைய நாள் மாலை வார்டில் நோயாளியைப் பார்த்தபோது, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். அதில் மெட்ஃபார்மின் அட்டையின் கீழே, பாதி பிரித்த எஸ்சிடலோப்ராம் அட்டை ஒன்று இருந்தது. கணவர் இறந்த பிறகு தூக்கமில்லாமல் தவித்தபோது பக்கத்து ஊர் மருத்துவர் எழுதிக் கொடுத்ததாகவும், ஓராண்டுக்கு மேலாக விடாமல் சாப்பிடுவதாகவும் நோயாளி சொன்னார். அதுவரை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம், அதை அவர் நோய்க்கான மருந்தாகவே நினைக்கவில்லை. ‘தூக்க மாத்திரை’ என்றே நினைத்திருந்தார்.

இந்த ஒரு தகவல் திட்டத்தைப் புரட்டிப்போட்டது. மெத்திலீன் நீலம் வெறும் சாயமன்று. மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்னும் நொதியை வலுவாகத் தடுக்கும் வேதிப்பொருள். செரடோனினைக் கூட்டும் எஸ்சிடலோப்ராம் போன்ற மருந்துகளோடு அது சேரும்போது காய்ச்சல், தசை விறைப்பு, மனக்குழப்பம், இரத்த அழுத்த ஏற்ற இறக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகக்கூடிய செரடோனின் நச்சுநிலை ஏற்படலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-ல் இது குறித்து எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்குக் காரணமான நிகழ்வுகள் பெரும்பாலும் நரம்பு வழியாக அதிக அளவு கொடுத்தபோது நேர்ந்தவை. மார்பகத்தில் தோலுக்கடியில் போடும் அளவு குறைவு என்றாலும், மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் முதல் அறிகுறிகள் மறைந்தே இருக்கும் என்று மயக்க மருந்து நிபுணர் சுட்டிக்காட்டினார். மாற்று வழி இருக்கும்போது இந்த ஆபத்தை ஏற்க அவர் விரும்பவில்லை, நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. புற்றுநோய் என்ற செய்தியை அப்போதுதான் கேட்டுத் தாங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்வது சாயத்தின் வசதிக்காக நோயாளியை வருத்துவதாகும் என்று மனநல மருத்துவர் சொன்னதை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம். மருந்து தொடர்ந்தது, நீலம் விலக்கப்பட்டது.

ஒளிர்சாயம் மட்டும் என்ற முடிவு

அதன் பிறகு கையில் இருந்தது இண்டோசயனின் கிரீன் மட்டுமே. 1950-களில் உருவான இந்தச் சாயம் கல்லீரல், இதயச் செயல்பாட்டை அளக்கவும், பின்னர் கண்ணின் உட்பகுதியைப் படமெடுக்கவும் நீண்ட காலமாகப் பயன்பட்டுவருவது. உடலில் சென்றதும் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியை அதன் மேல் பாய்ச்சினால் சுமார் 830 நானோமீட்டரில் ஒளிரும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்ற கேமராவுக்குத் தெரியும். தோலிலும் கொழுப்பிலும் இந்த அலைநீளம் மற்ற ஒளியைவிட ஆழமாகப் புகும் என்றாலும், அந்த ஆழம் சுமார் 1 செ.மீ. அளவுதான். பருமனான உடலில் அக்குள் கணுக்கள் அதைவிட ஆழத்தில் கிடக்கும்.

சில ஆயத்தங்களில் அயோடைடு சேர்ந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உண்டா, தைராய்டு மிகைப்பு உண்டா என்று விசாரித்தோம், இரண்டும் இல்லை. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலும் இந்தச் சாயம் கல்லீரல் வழியாகவே வெளியேறுவதால் தடையில்லை.

ஒற்றைத் தடமறிப்பானை நம்பிப் போகிறோம் என்பதால் முன்கூட்டியே ஒரு நிபந்தனையைக் கோப்பில் எழுதினோம். ஒளிரும் கணுக்களை எடுத்ததோடு அறுவையை முடிக்கக் கூடாது. அரங்க விளக்கைப் போட்டு, அக்குளின் கீழ்ப்பகுதி முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, கடினமாகவோ சந்தேகத்துக்குரியதாகவோ இருக்கும் எந்தக் கணுவையும், அது ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும், காவல் கணுவாகவே கொண்டு எடுக்க வேண்டும். இரண்டு தடமறிப்பான்களைப் பயன்படுத்திய என்எஸ்ஏபிபி பி-32 ஆய்விலேயே, புற்று இருந்த அக்குள்களில் 9.8 விழுக்காடு இல்லையென்று தவறாகச் சொல்லப்பட்டன. காரணங்களில் முக்கியமானது எல்லா அறுவை மருத்துவர்களும் படித்திருக்கக்கூடியதுதான்: புற்று நிறைந்துபோன கணுவுக்குள் நிணநீர் நுழைய வழியிருக்காது, சாயம் அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கணுவுக்குப் போய்விடும்.

நோயாளியிடமும் மகளிடமும் பேசியது

மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். கைபேசியில் நிறையத் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். “அம்மாவுக்குப் போடுற மருந்து கேன்சரை மட்டும் மின்னவெச்சுக் காட்டுமாமே டாக்டர், அப்போ எதுவும் மிச்சம் இருக்காதுல்ல?” என்று கேட்டார். பதில் சொல்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டோம். ஏனென்றால் இந்த எதிர்பார்ப்பைத் திருத்தாமல் கையெழுத்து வாங்குவது சரியன்று.

இண்டோசயனின் கிரீனுக்குப் புற்று எது, புற்றில்லாதது எது என்று தெரியாது. நிணநீர் ஓடும் பாதையைத்தான் அது காட்டுகிறது. கட்டியின் விளிம்பில் எங்கேனும் புற்று மிஞ்சியிருக்கிறதா என்பதைச் சொல்ல அதனால் முடியாது. மகள் படித்திருந்தது வேறொரு மருந்தைப் பற்றியது. பெகுலிசியானின் என்னும் அந்த மருந்து, புற்றுத் திசுவில் அதிகம் இருக்கும் நொதிகளால் தூண்டப்பட்டு ஒளிர்வது. கட்டியை எடுத்த பிறகு குழியின் சுவரில் மிச்சம் உண்டா என்று பார்க்க 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையான இன்சைட் ஆய்வில் 357 பெண்களில் 27 பேருக்கு, வழக்கமான அறுவை முடிந்த பின்னும் குழியில் தங்கியிருந்த புற்று அந்த ஒளியின் உதவியால் அகற்றப்பட்டது. கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்ற எச்சரிக்கையும் அதன் உறையில் உண்டு. எங்களிடம் அந்த மருந்து இல்லை. விளிம்பைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்போவது, எடுத்த திசுவின் எக்ஸ்ரேயும் நோயியல் நிபுணரின் நுண்ணோக்கியும்தான் என்று விளக்கினோம்.

நோயாளி கேட்டது ஒன்றே ஒன்று: கை வீங்குமா? “வலது கை கயித்த இழுக்கும், இடது கைதான் பலகைய இழுத்து அடிக்கும், டாக்டரம்மா. இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுது.” காவல் கணு அறுவைக்குப் பிறகும் வீக்கம் வரலாம், ஆனால் குறைவு, அக்குளை முழுவதும் எடுத்தால் வாய்ப்பு கூடும் என்று சொன்னோம். அறுவையின்போது கணுவில் புற்று தெரிந்தால் அப்போதே முழுமையாக எடுத்துவிடவா, அறிக்கை முழுவதும் வந்தபின் சேர்ந்து பேசி முடிவெடுக்கவா என்று கேட்டோம். உயிருக்குக் குறைவு வராது என்றால் கையைக் காப்பாற்றுங்கள், தேவைப்பட்டால் இரண்டாம் முறை அறுவைக்கு வருகிறேன் என்றார். இந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கையெழுத்து பெற்றோம். அரங்கில் பின்னர் எடுத்த முடிவில் இதற்குப் பெரிய பங்கு இருந்தது.

அறுவை அரங்கில்

மயக்கம் கொடுத்த பிறகு 25 மி.கி. குப்பியை 10 மி.லி. ஊசிமருந்துக்கான தூய நீரில் கரைத்தார்கள். உப்புநீரில் கரைத்தால் சாயம் திரண்டுவிடும் என்பதால் நீரில்தான் கரைக்க வேண்டும்; கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதில் 2 மி.லி. மட்டும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் தோலுக்குள்ளும் சற்றுக் கீழேயுமாகப் போடப்பட்டது. அதிகச் செறிவில் சாயம் தன் ஒளியைத் தானே அடக்கிக்கொள்ளும். கூடுதலாகப் போடுவதால் பயனில்லை.

மார்பகத்தை ஐந்து நிமிடம் மெல்ல நீவிவிட்டு, அறுவை விளக்குகளை அணைத்து, கேமராவை நீட்டினோம். திரையில் கருவளையத்திலிருந்து மேல்-வெளிப்புறமாக ஒரு கோடு வெள்ளையாக ஊர்ந்து போனது. சற்றுத் தூரம் போனதும் இரண்டாகப் பிரிந்து, பெரிய மார்புத் தசையின் ஓரத்தை அடைந்ததும் இரண்டு கிளைகளும் மங்கி மறைந்தன. கொழுப்பு அடர்ந்த உடலில் எதிர்பார்த்ததுதான்: அந்த இடத்திலிருந்து நிணநீர்க் குழாய் ஆழத்துக்கு இறங்குகிறது. கோடு மறைந்த புள்ளியைத் தோலில் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே அக்குளின் மடிப்பை ஒட்டிக் கீறினோம்.

ஒளிர்வு வழிகாட்டும் அறுவையில் எளிதாகக் கெட்டுப்போகக்கூடிய கட்டம் இதுதான். நிணநீர்க் குழாயை அறியாமல் அறுத்துவிட்டால் சாயம் கொழுப்பெங்கும் வழிந்து, அதன் பிறகு கேமராவைக் காட்டும் இடமெல்லாம் ஒளிரும். எது கணு, எது கசிவு என்று பிரித்தறிய முடியாது. அதனால் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை விளக்கை அணைத்துப் பார்த்து, ஒளிரும் குழாயைக் கண்டதும் நூலால் கட்டி, அதன் பின்னரே வெட்டினோம். இப்படி விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக வேலை மெதுவாகத்தான் நகரும். பொறுமையை இங்கே செலவிட்டால்தான் மேலே செல்ல முடியும்.

அக்குள் உறையைத் திறந்ததும் இரண்டு கணுக்கள் பிரகாசமாகத் தெரிந்தன. இரண்டையும் எடுத்து, தட்டில் வைத்து மறுபடியும் கேமராவால் பார்த்தோம், முழுவதும் ஒளிர்ந்தன. அவற்றுக்குச் சற்று உள்ளே மூன்றாவது ஒன்று மங்கலாக ஒளிர்ந்தது, அதையும் எடுத்தோம். குழிக்குள் மீண்டும் கேமராவைக் காட்டியபோது வேறு ஒளி எதுவும் இல்லை. திரையை மட்டும் பார்ப்பவருக்கு அக்குளில் வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

எழுதிவைத்த நிபந்தனைப்படி விளக்கைப் போட்டு, விரலை உள்ளே விட்டுக் கீழ்ப்பகுதியைத் தடவினோம். கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு அக்குளைக் குறுக்கே கடக்கும் இடத்தில், அதற்குப் பின்னால், கொழுப்பில் புதைந்து, வேகாத கடலை போல நெருடும் கணு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. நரம்பை மேலே ஒதுக்கிப் பிடித்து அதை வெளியே கொண்டுவந்தோம். அளவு 1.2 செ.மீ. விளக்கை அணைத்துக் கேமராவை அதன் மேலேயே காட்டினோம். சுற்றியிருந்த கொழுப்பில் லேசான பூச்சுப்போல ஒளி தெரிந்தது. கணு மட்டும் கறுத்த வட்டமாகத் திரையில் நின்றது. நோயியல் நிபுணர் பாதியாக வெட்டிக் காட்டியபோது உள்ளே சாம்பல் கலந்த வெண்மையாகத் திடமாக இருந்தது.

நான்கு கணுக்களும் ‘பிரகாசம் 1’, ‘பிரகாசம் 2’, ‘மங்கல்’, ‘ஒளிரவில்லை, கடினம்’ என்று தனித்தனியாகச் சீட்டு ஒட்டப்பட்டு உறைவெட்டுக்குப் போயின. பதில் வரும்வரை காத்திராமல் மார்பகக் கட்டியை அகற்றி, மேற்புறத்தில் குட்டை நூலும் பக்கவாட்டில் நீள நூலும் கட்டித் திசை குறித்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். கட்டி நடுவில் இருந்தது.

உறைவெட்டு முடிவும், நிறுத்திய தீர்மானமும்

அரைமணி நேரத்துக்குச் சற்று மேலாகிப் பதில் வந்தது. ஒளிர்ந்த மூன்றிலும் புற்று இல்லை. ஒளிராத கணுவில் 2 மி.மீ.-க்கு மேற்பட்ட அளவில், அதாவது பெரும்பரவல் என்று வகைப்படுத்தக்கூடிய அளவில், புற்று இருந்தது.

அரங்கிலேயே இரண்டு கருத்துகள் எழுந்தன. மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் அக்குளை முழுமையாக எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றார். அவருடைய வாதம் வலுவானது: புற்றுள்ள கணு சாயத்தைத் திருப்பிவிட்டிருக்கிறது என்றால் சாயம் காட்டிய வரைபடமே பொய்த்துவிட்டது, தடமறிப்பான் ஒன்றே ஒன்று, விரலுக்குத் தட்டுப்படாத இன்னொரு கணு இருக்காது என்று எதை வைத்துச் சொல்வது?

மறுபுறத்தில் அசோகாக் இஸட்0011 ஆய்வின் முடிவுகள் இருந்தன. கட்டி 5 செ.மீ. வரை, அக்குளில் கைக்குத் தட்டுப்படும் கணுக்கள் இல்லை, மார்பகம் காக்கும் அறுவையோடு மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு, காவல் கணுக்களில் ஒன்று அல்லது இரண்டில் மட்டும் புற்று என்ற நிலையில் இருந்த பெண்களில், அக்குளை முழுமையாக எடுக்காதவர்களில் 86.3 விழுக்காட்டினரும் எடுத்தவர்களில் 83.6 விழுக்காட்டினரும் பத்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர். எடுக்காமல் விட்டதால் ஆயுள் குறையவில்லை. அக்குளை எடுப்பதற்குப் பதிலாக அங்கே கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்த அமரோஸ் ஆய்வில் ஐந்தாண்டில் கைவீக்கம் 23 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாகக் குறைந்தது. அக்குளில் நோய் திரும்பியது இரண்டு பிரிவிலும் மிகக் குறைவு. காவல் கணு என்பதன் நடைமுறை வரையறையில், அறுவையின்போது கைக்குக் கடினமாகத் தட்டுப்படும் கணுவும் அடங்கும். அப்படிப் பார்த்தால் நாங்கள் எடுத்தது நான்கு காவல் கணுக்கள். அவற்றில் ஒன்றில் புற்று.

எந்தக் கருத்துக்கும் போவதற்கு முன் அக்குளின் முதல் மட்டத்தையும், சிறிய மார்புத் தசையின் பின்னாலுள்ள இரண்டாம் மட்டத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தடவிப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை. கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவில்லை. கணுவின் உறையைத் தாண்டிப் புற்று பரவியதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. நோயாளி ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருந்ததை வாய்விட்டு வாசித்தோம். அதோடு அங்கேயே நிறுத்துவது, அறிக்கை முழுவதும் வந்ததும் குழுவில் வைத்து நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பது என்று தீர்மானித்தோம். மூத்த மருத்துவர் தம் கருத்தைக் கோப்பில் பதிவு செய்யச் சொன்னார், பதிவு செய்தோம். மாற்றுக் கருத்து எழுத்தில் இருந்ததால்தான் பின்னர் குழுவில் நடந்த பேச்சு தெளிவாக இருந்தது.

இறுதி அறிக்கையும் தொடர் சிகிச்சையும்

திசுவை மெழுகில் பதித்து விரிவாகச் சோதித்துத் தரும் பாரஃபின் அறிக்கையில் கட்டி 2.4 செ.மீ., மை பூசிய விளிம்பில் புற்று இல்லை, மிக நெருக்கமான பக்கத்தில் 3 மி.மீ. இடைவெளி. ஊடுருவும் புற்றுக்கு மை பூசிய விளிம்பைக் கட்டி தொடாமலிருந்தாலே போதும் என்று 2014-ல் அமெரிக்க வழிகாட்டுதல் வந்த பிறகு, இது மறு அறுவை தேவைப்படாத விளிம்பு. நான்கு கணுக்களில் ஒன்றில் 8 மி.மீ. பரவல், உறையைத் தாண்டவில்லை.

குழுவில் அக்குள் அறுவை பற்றிய விவாதம் மீண்டும் நடந்தது. கதிர்வீச்சு மருத்துவர், அக்குளின் முதல் இரண்டு மட்டங்களையும் காறையெலும்புக்கு மேலுள்ள பகுதியையும் கதிர்வீச்சுப் பரப்பில் சேர்த்துவிடலாம் என்றார். ஒற்றைத் தடமறிப்பான் என்ற கவலைக்கு அது நேரடியான பதிலாக அமைந்ததால் முதலில் மறுத்தவரும் இணங்கினார். வேதிச்சிகிச்சையால் பயன் இருக்குமா என்று கணிக்க உதவும் மரபணுக் குறியீட்டுச் சோதனைக்கான செலவு குடும்பத்தின் சக்தியை மீறியது. ஆகவே கணுவில் பரவல் இருப்பதைக் கருத்தில் கொண்டு டோசிடாக்செல், சைக்ளோபாஸ்பமைடு என்னும் வேதிச்சிகிச்சை மருந்துகள் நான்கு சுற்றுகள் கொடுக்கப்பட்டன. பின்னர் 15 தவணைகளில் 40 கிரே கதிர்வீச்சும், கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் தவணைகளும். அதன் பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை தொடங்கப்பட்டது. எஸ்சிடலோப்ராம் இடையில் ஒரு நாளும் நிற்கவில்லை.

பின்தொடர்ந்தபோது கண்டவை

அறுவைக்குப் பிறகு ஊசி போட்ட இடத்தில் இளம்பச்சை நிறம் சில நாள் இருந்து மறைந்தது. அக்குளில் சேர்ந்த நீர் ஒருமுறை ஊசியால் எடுக்கப்பட்டது. நரம்பு காக்கப்பட்டிருந்தும் மேல்கையின் உட்புறத்தில் மரத்த உணர்வு மூன்று மாதம் இருந்தது.

முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தொலைவில் இரண்டு கைகளின் சுற்றளவையும் அறுவைக்கு முன்பே அளந்து வைத்திருந்தோம். ஒவ்வொரு வருகையிலும் அதே இடத்தில் அளந்ததில், பதினெட்டு மாதம் வரை வேறுபாடு 1 செ.மீ.-ஐத் தாண்டவில்லை. தோள்பட்டைப் பயிற்சியை வார்டிலேயே தொடங்கிய இவர், கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதத்தில் தறியில் உட்கார்ந்தார். முதலில் அரைநாள், பிறகு முழுநாள். பதினெட்டாம் மாத மேமோகிராமிலும் அக்குள் அல்ட்ராசவுண்டிலும் நோய் திரும்பியதற்கான அடையாளம் இல்லை. ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் பல ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது, பின்தொடர்தல் தொடர்கிறது.

இனி மாற்றிக்கொள்பவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் அறுவைக் குறிப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது. கேமராவில் பார்த்தது முடிந்ததும், விளக்கு போட்டு விரலால் தடவியது யார், என்ன தெரிந்தது என்று எழுதாமல் அக்குளை மூட முடியாது. கணுக்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொன்றும் பிரகாசமா, மங்கலா, ஒளிரவில்லையா என்று சீட்டிலும் எழுதுகிறோம். நோயியல் அறிக்கையோடு அதை ஒப்பிட்டால்தான், எங்கள் கைகளில் இந்த முறை எங்கே தவறுகிறது என்பது காலப்போக்கில் தெரியவரும். நான்கு கணுக்களும் ஒரே டப்பாவில் போயிருந்தால், புற்றிருந்தது ஒளிர்ந்த கணுவிலா ஒளிராததிலா என்பதே தெரியாமல் போயிருக்கும்.

மாத்திரைகளைப் பற்றிய விசாரணையை முதல் வருகைக்கே கொண்டுவந்துவிட்டோம். “வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா” என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்கிறார்கள், “தூக்கத்துக்கு, பதற்றத்துக்கு, கை கால் வலிக்கு ஏதாவது?” என்று பெயர் சொல்லிக் கேட்டு, மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்கிறோம். மனநல மருந்து சாப்பிடுபவர்களுக்கு மெத்திலீன் நீலம் எழுதும் முன் மயக்க மருந்துத் துறையின் கையொப்பம் வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் படங்களைக் கதிரியல் துறையோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். நரம்புக்குப் பின்னால் கொழுப்பில் புதைந்திருந்த அந்தக் கணு பதிவான படங்களில் எதிலும் வரவில்லை. பருமனான நோயாளிகளுக்குக் கையை மேலே தூக்கிய நிலையிலும் பக்கவாட்டில் சாய்த்தும் கூடுதல் படங்கள் எடுப்பதென்று அந்தத் துறையே முன்வந்து நெறிமுறையை மாற்றியிருக்கிறது. 2023-ல் வெளியான சவுண்ட் ஆய்வு, 2 செ.மீ. வரையான கட்டியும் அல்ட்ராசவுண்டில் சந்தேகமில்லாத அக்குளும் உள்ள பெண்களில் காவல் கணு அறுவையையே தவிர்க்கலாம் என்று காட்டிய பிறகு, அக்குள் அல்ட்ராசவுண்டின் தரம் முன்னைவிடப் பெரிய பொறுப்பைச் சுமக்கிறது. எங்கள் நோயாளியின் கட்டி அந்த அளவைத் தாண்டியது. ஆனால் அளவுக்குள் வரக்கூடிய அடுத்த நோயாளிக்கு அறுவையைத் தவிர்க்கும் முன், அந்தப் படத்தை எடுத்தவர் அக்குளின் எந்தெந்தப் பகுதியைப் பார்த்தார் என்பது அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

நீலமும் கதிரியக்கமும் இரண்டுமே கிடைக்காத நோயாளிகளை, அணுமருத்துவ வசதியுள்ள மையத்துக்கு அனுப்பலாமா என்பதைக் குழு இப்போது ஒவ்வொருவருக்கும் தனியாகக் கேட்கிறது. அனுப்பினால் பயணமும் காத்திருப்பும் கூடும். பலர் பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவார்கள். அனுப்பாமல் இங்கேயே ஒளிர்சாயத்தை மட்டும் கொண்டு செய்வதென்றால், நான்கு கணுக்களாவது கிடைக்கும் வகையில் அக்குளின் கீழ்ப்பகுதித் திசுவையும் சேர்த்து எடுப்பது என்பது இப்போது எங்கள் பிரிவின் எழுத்துபூர்வமான விதி.